அவுரி நீலத்தில் ஒரு துப்பட்டா: புள்ளி கட்டிச் சாயமிடும் முறை

மதுரையில் சுங்குடி வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடும் சேலைகளில் பெரும்பாலானவை இன்று மெழுகு அச்சில் பதித்தவை. கையால் புள்ளி கட்டிய துணியை அடையாளம் காணக் கண்ணைவிட விரல் நம்பகமானது. கட்டிய புள்ளி ஒவ்வொன்றும் துணியின் மேல் சிறு மேடாக நிற்கும். இழுத்துப் பிடித்தால் தட்டையாகும், விட்டால் மறுபடி சுருங்கும். வட்டமும் அச்சு வட்டம் போல ஒழுங்காக இராது. அதன் நடுவில் மிளகைவிடச் சிறிய சாயப் பொட்டு ஒன்று தெரியும். நூல் சுற்றிய இடம் வெள்ளையாக நின்றுவிட, நூலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த துணி நுனி மட்டும் சாயத்தைக் குடித்ததால் வந்த பொட்டு அது. சௌராஷ்டிர மொழி பேசும் குடும்பங்கள் மதுரையில் பல தலைமுறைகளாகச் செய்துவரும் இந்த வேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குஜராத்தில் கட்ச் பகுதியின் பாந்தனியும், ஜப்பானில் நகோயா நகரைச் சேர்ந்த அரிமட்சுவின் ஷிபோரியும் இதே குடும்பத்துக் கலைகள்தாம்: துணியில் ஓரிடத்தை இறுக்கிக் கட்டி, சாயம் அங்கே போகாமல் தடுக்கின்றன.

இந்த முறையில் ஒரு பருத்தித் துப்பட்டாவை வீட்டிலேயே செய்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். அடர் நீலத் தரை, அதில் வெள்ளைப் புள்ளிகள், அவற்றுக்கிடையே இளநீலப் புள்ளிகள் என மூன்று நிலைகளில் அமையும் வடிவம் இது. துணி சாயத்துக்குள் இருக்கும் நேரம் மொத்தமாகக் கூட்டினாலும் முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. மீதி நாட்கள் எல்லாம் வெளுப்பதிலும், வரைவதிலும், கட்டுவதிலும், சாயத்தொட்டி தயாராகக் காத்திருப்பதிலும் போகும். ஒரு துப்பட்டா நன்றாக வருமா வராதா என்பது அந்த நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது என்பதால், அவற்றைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

ஏன் அவுரி

மஞ்சிட்டிச் சிவப்பும் மாதுளைத் தோல் மஞ்சளும் அழகான நிறங்கள்தாம். ஆனால் அவற்றைப் பருத்தியில் ஏற்ற, படிகாரம் ஊட்டிய துணியைச் சுடு சாயத்தில் ஒரு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தால் பழகாத கை கட்டிய கட்டுக்குள் சாயம் கசிந்து, புள்ளி மங்கலாகிவிடும். அவுரி நீலத்துக்குப் படிகாரமும் வேண்டாம், கொதிநிலையும் வேண்டாம். வெதுவெதுப்பான தொட்டியில் சில நிமிடம் முக்கி எடுத்தால் போதும் என்பதால் கட்டு தாங்கும், புள்ளி வெளுப்பாக நிற்கும். முதன்முறை செய்பவர் அவுரியில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

அவுரியின் நீலம் தண்ணீரில் கரையாது. காரத்தன்மை உள்ள நீரில், ஏதாவதொரு பொருள் அதற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்தால்தான் அது கரையும் நிலைக்கு மாறும். வேதியியலில் இதை ஒடுக்கம் என்பார்கள். அந்த நிலையில் அதன் நிறம் மஞ்சள் கலந்த பச்சை. அப்போது துணியை முக்கினால் சாயம் நூலிழைக்குள் போகும். வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, இழைக்குள்ளேயே மறுபடி நீலமாகிக் கரையாமல் தங்கிவிடும். பச்சையாக வெளிவரும் துணி கண்ணெதிரே நீலமாவதன் காரணம் இதுதான். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அவுரிச் சாகுபடி உலகெங்கும் சரிந்தது. தமிழ்நாட்டில் திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. அதன் இலையை ஊறவைத்துப் பிரித்த நீலம் கட்டிகளாகவும் பொடியாகவும் கிடைக்கிறது.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் தலைமுடிக்கென்று விற்கும் அவுரிப் பொடி, இலையை உலர்த்தி அரைத்தது. பச்சை நிறத்தில் இருக்கும். இந்தத் தொட்டிக்கு அது உதவாது. நமக்கு வேண்டியது இலையிலிருந்து பிரித்தெடுத்த நீலம். கட்டியாக இருந்தால் நகத்தால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். கீறிய இடம் செம்புப் பாத்திரம் போல மினுங்கினால் நல்ல சரக்கு. சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் மண்ணோ வேறு கலப்போ இருக்கிறது.

துணியும் வெளுப்பும்

இரண்டேகால் மீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மெல்லிய மல் காட்டன் துணி எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 150 கிராம் இருக்கும். தடித்த துணியில் புள்ளியின் முனையைக் கிள்ளி எடுப்பது சிரமம், கட்டும் பெரிதாகிவிடும். கடைக்காரர் சுத்தப் பருத்தி என்று சொன்னாலும் ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்றும் ஊடை நூல் ஒன்றும் உருவி, இரண்டையும் தனித்தனியாகக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான கருமணியாக முடியும். பாலியஸ்டரில் அவுரி ஏறாது.

ஓரம் தைப்பதைச் சாயத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். துணி ஓரத்தை விரலால் உருட்டி மடித்துக் கையால் தைப்பது துப்பட்டாவின் விழுகைக்கு நல்லது; மெஷின் தையல் ஓரத்தை விறைப்பாக்கிவிடும். எதில் தைத்தாலும் பருத்தி நூல்தான் வேண்டும். என் முதல் துப்பட்டாவுக்கு அவசரத்தில் மெஷினில் இருந்த நூலையே ஓட்டிவிட்டேன். சாயமெல்லாம் முடிந்து உலர்த்தியபோது கருநீலத் துணியைச் சுற்றிலும் வெள்ளை வெளேரென்று ஒரு கோடு. பாலியஸ்டர் நூல் ஒரு சொட்டுச் சாயம்கூட ஏற்கவில்லை. பிறகு அதைப் பிரித்து, நீல நூலில் மறுபடி தைக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று.

அடுத்தது வெளுப்பு. புதுத் துணியில் தறிக் கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு, பருத்திக்கே உரிய மெழுகு ஆகியவை இருக்கும். இவை இருக்கும் வரை சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஐந்து லிட்டர் தண்ணீர் விட்டு, 15 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்புத் தூளும் கரைத்து, துணியை அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மெல்லக் கொதிக்க விடுங்கள். சலவைச் சோடாவும் ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பும் வேறு வேறு. அலுமினியப் பாத்திரம் கூடாது, காரம் அதை அரிக்கும். வெள்ளையாகத் தெரிந்த துணியிலிருந்து டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தால் முதன்முறை வியப்பாக இருக்கும். நன்றாக அலசி உலர்த்தி, ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணி மேல் விடுங்கள். விழுந்த கணமே பரவி மறைந்தால் வெளுப்பு போதும். முத்துப் போல நொடி நேரம் நின்று பிறகு உள்ளே போனால் இன்னொரு முறை கொதிக்க வைக்க வேண்டும். இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டு, பிறகு தொட்டியைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

உடம்பின் மேல் வரைவது

சுவரில் மாட்டும் துணிக்கும் உடுத்தும் துணிக்கும் வடிவமைப்பு ஒன்றல்ல. தரையில் விரித்துப் பார்த்து அழகாக இருக்கும் வடிவம், தோளில் போட்டதும் மடிப்புக்குள் போய் மறைந்துவிடும். ஆகவே, வெளுத்த துணியை முதலில் அணிந்துகொள்ளுங்கள். எப்போதும் துப்பட்டாவை எப்படிப் போடுவீர்களோ அப்படியே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, தோளில் படியும் இடம், மார்பின் குறுக்கே தெரியும் பட்டை, முன்னும் பின்னும் தொங்கும் நுனிகள் ஆகியவற்றைச் சேஃப்டி பின்னால் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றி விரித்தால், நடுவில் அறுபது எழுபது சென்டிமீட்டர் யார் கண்ணிலும் படாத பகுதி என்பது தெரியவரும். அங்கே புள்ளி கட்டுவது வீண் உழைப்பு.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். துணி முழுவதும் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி வைத்தால் ஐயாயிரத்துக்கு மேல் வரும். பழகாத கைக்கு ஒரு புள்ளி கட்ட அரை நிமிடம் ஆகும் என்று வைத்தால்கூட 42 மணி நேரம். கட்டிய சுங்குடிச் சேலையின் விலையைக் கேட்டுப் புருவத்தை உயர்த்துகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். நமக்குத் தொள்ளாயிரம் புள்ளிகள் போதும். ஏழெட்டு மணி நேர வேலை, ஒரு வாரத்தின் மாலைகளில் முடித்துவிடலாம்.

அந்தத் தொள்ளாயிரத்தை எப்படிப் பரப்புவது என்பதில்தான் உங்கள் கை தெரியும். மரபான சுங்குடியில் புள்ளிகள் கட்டத்திலோ வட்டத்திலோ ஒழுங்காக நிற்கும். அதை அப்படியே பின்பற்றலாம். ஆனால் முதன்முறை கட்டுபவருக்கு ஒழுங்கான கட்டம் ஒரு பொறி. நேர்கோட்டில் ஒரு புள்ளி பிசகினாலும் கண் அங்கேதான் போகும். எனவே ஒரு நுனியில் நெருக்கமாகத் தொடங்கி, மேலே போகப் போக இடைவெளி விட்டு, தோளுக்கு வரும்போது ஒன்றிரண்டாகக் கரைந்துபோகும்படி அமைப்பதை நான் விரும்புகிறேன். கோலமாவைச் சிந்திவிட்டதுபோல் இருந்தாலும், அருகே பார்த்தால் ஒவ்வொன்றும் கட்டியது என்பது தெரியும். மற்ற நுனியில் ஒரே வரிசையாக ஒரு கை அகலப் பட்டை மட்டும் வைத்தால், இரு நுனிகளும் ஒன்றையொன்று போலச் செய்யாமல் இருக்கும். புள்ளி இடங்களைக் காவிக்கல்லைக் குழைத்து, தீக்குச்சி முனையால் வையுங்கள். அது அலசினால் போய்விடும். பால்பாயின்ட் பேனா போகாது. வெள்ளையாக நிற்க வேண்டிய ஐந்நூறுக்கு ஒரு பொட்டும், இளநீலமாக வேண்டிய நானூறுக்குச் சிறு குறுக்குக் குறியும் இட்டால் பின்னால் குழப்பம் வராது.

கட்டுதல்

துணியில் குறி அழியாதபடி நீர் தெளித்து, லேசான ஈரத்தோடு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த துணி நகத்தில் நிற்காமல் வழுக்கும். இடது கை ஆள்காட்டி விரல் துணியின் அடியிலிருந்து குறியிட்ட இடத்தை மேலே தள்ள, வலது கை நகங்களால் அந்த முனையைக் கிள்ளிப் பிடித்து, இடது கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிடித்த முனை அரிசி நீளத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த முனையின் அடியில் நூலை ஐந்தாறு சுற்று, ஒன்றன் மேல் ஒன்றாக அல்லாமல் பக்கம் பக்கமாகப் படியும்படி, ஒவ்வொரு சுற்றிலும் இழுத்து இறுக்கிச் சுற்றுங்கள். கடைசிச் சுற்றை ஒரு கண்ணி போட்டு இறுக்கிவிட்டு, நூலை அறுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் முடிச்சிட்டு அறுத்தால் நேரம் இரட்டிப்பாகும், பிரிக்கும்போது துணியும் கிழியும்.

கட்ச் பகுதியில் பாந்தனி கட்டும் பெண்கள் முனையைத் தூக்க விரலில் கூர்முனை உள்ள மோதிரம் ஒன்றை அணிவார்கள். நூலை ஒரு சிறு குழலுக்குள் விட்டு, குழலைப் பிடித்தே சுற்றுவார்கள். நூல் எப்போதும் ஒரே இழுப்பில் வர அது உதவுகிறது. ரீஃபில் எடுத்துவிட்ட பால்பாயின்ட் பேனாவின் கூடு அந்தக் குழல் செய்யும் வேலையை அப்படியே செய்யும். நூல் முறுக்கேறிய பருத்தியாக இருப்பது நல்லது. நனைந்ததும் உப்பி, கட்டை மேலும் இறுக்கும்.

கட்டிய முதல் பத்துப் புள்ளிகளை விரலால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அது கட்டே அல்ல, பிரித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். என் அனுபவத்தில் முதல் ஐம்பது புள்ளிகள் ஒரு மாதிரியும் அதற்குப் பிறகு வருபவை வேறு மாதிரியும் இருக்கும். அதனால் புள்ளிகள் குறைவாக உள்ள தோள் பக்கத்திலிருந்து தொடங்கி, கை பழகியபின் நுனிக்கு வருவது புத்திசாலித்தனம். இப்போதைக்கு வெள்ளைக்கான ஐந்நூறை மட்டும் கட்டினால் போதும். கட்டி முடித்த துணி பாதியாகச் சுருங்கி, கையில் எடுத்தால் பாகற்காய்த் தோல் போல இருக்கும்.

தொட்டி

தொட்டியைத் துணி கட்டி முடிவதற்கு முதல் நாளே போட்டுவிடுங்கள். பதினைந்து லிட்டர் பிடிக்கும், வாய் குறுகி ஆழமான பிளாஸ்டிக் வாளி ஏற்றது. பரப்பு குறைந்தால் காற்றுப் படுவதும் குறையும். பத்து லிட்டர் தொட்டிக்கு நீலம் 50 கிராம், நீற்றிய சுண்ணாம்புத் தூள் 100 கிராம், சர்க்கரைச் சத்து 150 கிராம் என்பது அளவு. ஒன்று, இரண்டு, மூன்று என்ற இந்த விகிதம் உலகெங்கும் கைச்சாயக்காரர்கள் பயன்படுத்துவது.

சர்க்கரைச் சத்து என்றதும் வெல்லத்தை எடுக்க வேண்டாம். வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ். அது நேரடியாக ஒடுக்கம் செய்யாது. பழைய சாயக்காரர்கள் வெல்லத்தையும் சுண்ணாம்பையும் அவித்த தகரை விதையையும் சேர்த்துத் தொட்டியை நாட்கணக்கில் புளிக்க வைத்தார்கள். நுண்ணுயிர்கள் அங்கே வேலையைச் செய்தன. ஒரே நாளில் தொட்டி வேண்டுமானால் ஃபிரக்டோஸோ குளுக்கோஸோ வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் வாசனை சேர்க்காத குளுக்கோஸ் பொடி போதும்.

நீலப் பொடியை ஒரு மூடியுள்ள பாட்டிலில் போட்டு, கொஞ்சம் வெந்நீரும் நாலைந்து கோலிக்குண்டுகளும் சேர்த்துப் பத்து நிமிடம் குலுக்குங்கள். பொடி தண்ணீரில் எளிதில் நனையாது, மேலே மிதக்கும். கோலி அதை நசுக்கி மை போலக் குழைத்துவிடும். வாளியில் ஐந்து லிட்டர் நன்கு கொதித்து இறக்கிய நீர் விட்டு, இந்தக் குழம்பை ஊற்றி, குளுக்கோஸைக் கரைத்து, கடைசியில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்; குழந்தைகள் அருகில் இருக்கக்கூடாது. கடையில் நீற்றாத சுண்ணாம்புக் கல்லைக் கொடுத்தால் வாங்காதீர்கள். தண்ணீர் பட்டதும் அது கொதித்துத் தெறிக்கும். கலக்கியபின் மீதி ஐந்து லிட்டரை வெந்நீராகவே ஊற்றி, மூடி, பழைய போர்வையால் சுற்றி வையுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் நாலைந்து முறை, நுரை எழாதபடி வட்டமாகக் கலக்கிவிட்டு, பிறகு இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

காலையில் மூடியைத் திறந்தால் மேலே செம்பு மினுக்கத்தோடு ஓர் ஆடை படிந்திருக்கும். நடுவில் நீல நுரை திரண்டிருக்கும். ஆடையை ஒரு கரண்டியால் விலக்கிக் கண்ணாடி டம்ளரில் மொண்டு பாருங்கள். வெளிச்சத்தில் தேன் போலவோ மஞ்சள் பச்சையாகவோ தெளிந்திருந்தால் தொட்டி தயார். நீலமாகக் கலங்கியிருந்தால் ஒடுக்கம் முடியவில்லை; இன்னும் 30 கிராம் குளுக்கோஸ் போட்டு, வாளியை வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்கி இரண்டு மணி நேரம் காத்திருங்கள். காரத்தை அளக்கும் பி.எச். தாள் இருந்தால் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் காட்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒரு கரண்டி சுண்ணாம்பு. அவசரப்பட்டு குளுக்கோஸ், சூடு, சுண்ணாம்பு மூன்றையும் ஒருசேரக் கொடுப்பவர்கள் எதனால் சரியானது என்பதைக் கடைசி வரை அறிய மாட்டார்கள்.

முக்குதல்

கட்டிய துணியை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துகொள்ளுங்கள். உலர்ந்த துணியைத் தொட்டியில் விட்டால் அது திரியைப் போலச் சாயத்தை உறிஞ்சிக் கட்டுக்குள்ளும் இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே நீர் குடித்த துணியில் அந்தத் தாகம் இருக்காது. தொட்டியின் சூடு கை பொறுக்கும் அளவில், நாற்பது டிகிரி அருகில் இருக்கட்டும். மேல் நுரையை எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, துணியைப் பக்கவாட்டில் மெல்ல வழுக்கி இறக்குங்கள். காற்றுக் குமிழிகளோடு அமுக்கினால் தொட்டிக்குள் ஆக்சிஜன் போகும். அடியில் சுண்ணாம்பு வண்டல் படிந்திருக்கும், துணி அதைத் தொடக்கூடாது. வாளிக்குள் ஒரு பழைய சல்லடையைக் கவிழ்த்து வைத்தால் அந்தக் கவலை இல்லை.

நாலு நிமிடம், நீருக்கு அடியிலேயே மடிப்புகளை விரல்களால் விரித்துக்கொண்டிருங்கள். பிறகு பரப்புக்குச் சற்றுக் கீழேயே பிழிந்துகொண்டே வெளியே எடுங்கள். உயரத் தூக்கிச் சொட்டவிட்டால் ஒவ்வொரு சொட்டும் தொட்டிக்குள் காற்றைக் கொண்டுபோகும். வெளியே வரும்போது வாழைக்குருத்து நிறத்தில் இருக்கும் துணி, மூச்சு விடுவதற்குள் மேடுகளில் மயில்கழுத்து நிறமாகி, அங்கிருந்து மடிப்புகளுக்குள் நீலம் இறங்கும். மடிப்புகளைத் திறந்து, எல்லா இடமும் காற்றுப்பட கொடியில் பதினைந்து நிமிடம் போடுங்கள். ஓரிடத்தில் பச்சை மிச்சமிருந்தாலும் அடுத்த முக்கலுக்குப் போகாதீர்கள்.

இப்படி இரண்டு முக்கல் முடிந்ததும் தொட்டியை மூடிவிட்டு, துணியை அலசி நிழலில் உலர்த்துங்கள். தரை இப்போது வெளிர் நீலமாக இருக்கும். இனி இளநீலத்துக்குக் குறித்து வைத்த நானூறு புள்ளிகளைக் கட்ட வேண்டும். காவிக் குறி மங்கியிருந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். வெள்ளைக் கட்டுகளைத் தொடாதீர்கள். இந்த இரண்டாவது கட்டு இளநீலத்தை உள்ளே அடைத்து வைத்துக்கொள்ள, மேலும் ஐந்தாறு முறை முக்கினால் வெளியே தரை மட்டும் இருண்டுகொண்டே போகும். நாட்கள் இடையில் போயிருந்தால் தொட்டிக்கு 30 கிராம் குளுக்கோஸ் ஊட்டி, வெதுவெதுப்பாக்கி, முதலில் ஒரு துண்டுத் துணியில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எத்தனை முறை முக்குவது என்பதை ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஈரத்தில் கருநீலமாகத் தெரிவது உலர்ந்தால் இரண்டு படி வெளிறும். அதிகச் சாயம் போட்ட தொட்டியில் இரண்டே முறை முக்கி முடித்துவிடலாமே என்ற எண்ணமும் வேண்டாம். அப்படி ஏறும் நீலம் இழைக்கு வெளியே தூளாக ஒட்டிக்கொண்டு, போட்டுக்கொண்டு போன முதல் நாளே வெள்ளைக் குர்த்தாவின் தோளில் இறங்கிவிடும். மெல்லிய தொட்டியில் பல முறை முக்கி ஏற்றிய நீலம் நிற்கும்.

அலசுவதும் பிரிப்பதும்

கடைசி முக்கலுக்குப் பிறகு துணியை ஒரு நாள் முழுக்க நிழலில் தொங்கவிடுங்கள். அடுத்து, ஐந்து லிட்டர் தண்ணீரில் ஐந்து மேசைக்கரண்டி வினிகர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்தால் இழையில் தங்கிய சுண்ணாம்பின் காரம் போகும். இதைச் செய்யாவிட்டால் துணி சொரசொரப்பாகவே இருக்கும். அலசி, மறுபடி நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தில் கட்டைப் பிரித்தால் மிச்சமிருக்கும் நீலத் தூள் வெள்ளைப் புள்ளியில் இழுவிக்கொள்ளும்.

பிரிக்கக் கத்தரிக்கோல் வேண்டாம். கட்டுகளுக்கு இரு பக்கமும் துணியைப் பிடித்து, குறுக்குவாட்டில் ஒரு வெடுக் கொடுத்தால் நூல் பட்பட்டென்று தெறித்துக் கழலும். இத்தனை நாள் கட்டியது நாலு நிமிடத்தில் பிரிந்துவிடும். கத்தரி முனையால் பிரிக்கப் போய்ப் புள்ளிக்கு நடுவே துளை போட்டவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருத்தி. சில புள்ளிகளில் வட்டம் ஒரு பக்கம் உடைந்து, நீலம் உள்ளே நுழைந்திருக்கும். அதைத் திருத்த வழியில்லை, தேவையும் இல்லை.

பூந்திக்கொட்டை ஊறிய நீரில் மெல்ல அலசுங்கள். தண்ணீர் தெளிந்து வரும் வரை, மூன்று நான்கு முறையாவது. பிறகு ஈர வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். லேசான நீலம் படிவது இயல்பு. அழுத்தமாகப் படிந்தால் இன்னும் அலச வேண்டும். இஸ்திரி போடாதீர்கள். புள்ளிகளின் மேடு தட்டையாகிவிடும், துப்பட்டாவின் பாதி அழகு அந்தச் சுருக்கத்தில் இருக்கிறது.

நீலம் மட்டும் போதாது என்று தோன்றினால், பிரித்த பிறகு இன்னொரு படி இருக்கிறது. துணியை 20 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மாதுளைத் தோலைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரில் ஒரு மணி நேரம் மெல்லிய சூட்டில் வையுங்கள். வெள்ளைப் புள்ளிகள் மஞ்சளாகும், இளநீலம் கிளிப்பச்சையாகும், தரை கரும்பச்சைக்குப் போகும். மஞ்சள் வேண்டுமென்று சமையல் மஞ்சளைப் பயன்படுத்தாதீர்கள். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், நாலு வெயில் பட்டால் போய்விடும்.

நுனிகளில் குஞ்சம் வைப்பதானால் அதற்கான பருத்தி நூலையும் கடைசி முக்கலில் ஓர் ஓரமாக முக்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வாங்கிய நீல நூல் இந்த நீலத்தோடு ஒருபோதும் சேராது. தொட்டியைக் கொட்டிவிட வேண்டாம். வாரம் ஒருமுறை குளுக்கோஸும் கொஞ்சம் சூடும் கொடுத்தால் மாதக்கணக்கில் வேலை செய்யும். நீலம் தீர்ந்துவரும் நாட்களில் அது தரும் வெளிர் நிறத்துக்கென்றே நான் இரண்டு கைக்குட்டைகளையும், கறை பட்ட பழைய வெள்ளைச் சட்டை ஒன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.